இல்லை என்றாலும் தேதி போட்டுச் சொல்லுங்கள்

சென்னையில் ஒரு சட்ட நிறுவனத்தில் இரண்டு சுற்று நேர்காணலும் ஒரு எழுத்துத் தேர்வும் முடித்துவிட்டு ஈரோட்டில் காத்துக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும் இந்த நிமிடம் வரை பதில் இல்லை. வேலை கிடைத்த பிறகு எழுதினால் காத்திருந்ததுகூட இனிப்பாகத் தெரியும். கிடைக்காமல் போனால் ஆற்றாமைதான் முந்திக்கொண்டு நிற்கும். அதனால் இரண்டுக்கும் முன்னாலேயே எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இது ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை.

ஈரோட்டிலோ கோபியிலோ தாராபுரத்திலோ வக்கீல் ஆபீஸில் ஜூனியராகச் சேர இன்டர்வியூ என்று ஒன்று கிடையாது. மாமாவோ ஊர்க்காரர் யாராவதோ கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்துவைப்பார். சீனியர் படித்துக்கொண்டிருக்கும் கேஸ் கட்டை மூடாமலேயே எந்த ஊர், அப்பா என்ன செய்கிறார், டைப்பிங் வருமா என்று கேட்பார். "சரி, திங்கக்கெழம வந்துரு" என்பார். அவ்வளவுதான். கோவையில் சட்டம் படித்து முடித்து, பார் கவுன்சிலில் வக்கீலாக என்ரோல் செய்துகொண்டு ஊருக்கு வந்த எனக்கும் அப்படித்தான் நடந்தது. போன அன்றே பதில் தெரிந்துவிட்டது.

சட்ட நிறுவனத்தின் வழி வேறு. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் 'டே ஜீரோ' என்று ஒரு நாள் உண்டு. பெரிய நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து, பேசி, அன்றைக்கே ஆளை எடுத்துக்கொண்டு போய்விடும். இன்டர்ன்ஷிப்பில் நன்றாக வேலை செய்தவர்களுக்கு இறுதியாண்டு முடிவதற்குள்ளேயே ஆஃபர் கையில் இருக்கும். அந்தப் பல்கலைக்கழகங்களில் படிக்காத எங்களைப் போன்றவர்கள் மெயிலில்தான் கதவைத் தட்ட வேண்டும். சிவி அனுப்புவோம், திரும்ப அனுப்புவோம். கூடப் படித்த அக்கா யாராவது அங்கே இருந்தால் அவர் கையில் கொடுத்துப் பார்ப்போம். அப்படி ஒரு இடத்திலிருந்து "வியாழக்கிழமை வர முடியுமா" என்று அழைப்பு வந்தால் வீடே வேறு மாதிரி ஆகிவிடும்.

நான் ஏற்காடு எக்ஸ்பிரஸில் போய் இறங்கினேன். முதல் சுற்றில் அங்கே வேலை செய்யும் வக்கீல்களான இரண்டு அசோசியேட்கள் கேள்வி கேட்டார்கள். அப்புறம் ஒரு எழுத்து வேலை கொடுத்தார்கள். நூல் சப்ளை செய்த மில்லுக்குப் பணம் வராத தகராறு, அதில் எதிர்த்தரப்பு அனுப்பிய நோட்டீஸுக்குப் பதில் எழுத வேண்டும். திருப்பூரிலிருந்து செக் பவுன்ஸ் கேஸ்கள் நிறைய வரும் ஆபீஸில் இருப்பவளுக்கு அது பழக்கமான வேலை, கை தானாக ஓடியது. இரண்டாவது சுற்றில் நிறுவனத்தின் பங்குதாரரான பார்ட்னர் ஒருவர் இருந்தார். செக் வழக்கில் இடைக்கால இழப்பீடு கொடுக்கும், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 143ஏ பிரிவைப் பற்றிக் கேட்டார். 2018இல் வந்த அந்தப் பிரிவு அதற்கு முந்தைய வழக்குகளுக்கும் பொருந்துமா என்றார். பொருந்தாது, ஜி.ஜே. ராஜா வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு எதிரே இருந்த என் சிவியின் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினார். சின்னதாக, இரண்டு மூன்று சொல்தான் இருக்கும். அந்தப் பென்சில் எழுத்தைத் தலைகீழாகப் படிக்கப் பார்த்தேன், முடியவில்லை. இன்றைக்கு வரை அது என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே வரும்போது ஹெச்.ஆர். பெண் மிகவும் அன்பாகப் பேசினார். "சீக்கிரம் சொல்றோம்" என்றார். எந்தத் தேதிக்குள் என்று சொல்லவில்லை.

அந்தச் சொல்லப்படாத தேதிக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சென்னையில் தோழி தங்கியிருக்கும் லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டில் காலியாகிறது. "வர்றியா இல்லையா, வார்டன் வேற ஆளைச் சேர்க்கணும்ங்கறாங்க" என்கிறாள். சீனியருக்குக் கோடை விடுமுறை முடிவதற்குள் யார் எந்தக் கட்டைப் பார்ப்பது என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு ஜாதகம் எடுக்க வேண்டும். பெண் மெட்ராஸில் இருப்பாளா ஊரில் இருப்பாளா என்று தெரியாமல் எந்தப் பக்கம் மாப்பிள்ளை பார்ப்பது என்பது அவர் கேள்வி. கல்யாணப் பேச்சை இப்போதைக்கு விடுங்கள் என்று நான் சொன்னாலும், அம்மா கேட்பதில் உள்ள சங்கடம் உண்மையானது. நோம்பிக்கு வந்த ஒரம்பரை எல்லாம் "ஏனம்மிணி, வேலை ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் இலையில் உட்கார்ந்தார்கள். "இன்னும் இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லி அம்மா சமையலறையை விட்டு வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார்.

அப்பா அப்படிக் கேட்பதில்லை. சாயங்காலம் காட்டிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு, "ஏஞ்சாமி, மெட்ராஸ்காரங்க ஏதாச்சும் சொன்னாங்களா?" என்பார். இல்லை என்றால் "சரி, சொல்லட்டும்" என்று நகர்ந்துவிடுவார். கோர்ட்டில் எங்கள் குமாஸ்தா அண்ணன்தான் தினம் ஒரு முறை "மேடம், தகவல் ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்பார். அவருக்கு என்னைவிடப் பதற்றம்.

044 என்று தொடங்கும் எண்ணிலிருந்து போன் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கோர்ட் ஹாலில் போனை சைலண்டில்தான் வைக்க வேண்டும். கேஸ் கட்டுக்குக் கீழே அது அதிர்வது கைக்குத் தெரியும். எழுந்து, நீதிபதிக்குத் தலைவணங்கி, வராந்தாவுக்கு ஓடி எடுத்தால் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியும் எங்கோ ஒரு வேலையில் டார்கெட்டுக்காக உட்கார்ந்திருப்பவள்தான். "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. நாங்கள் செய்யும் தொழிலே தேதிக்குள் முடிகிற தொழில். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் எதிராளி பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அதற்கு அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் ஆக வேண்டும். புகாரில் ஒரு நாள் தவறினால் தாமதத்துக்குத் தனியாக மனுப் போட்டு, காரணம் காட்டி, நிற்க வேண்டும். வணிக வழக்கில் சம்மன் கிடைத்து 120 நாள் தாண்டிவிட்டால் எதிராளி தன் எழுத்துப் பதிலை, அதாவது எதிர்வழக்குரையை, தாக்கல் செய்யும் உரிமையே போய்விடும். அதைத் தளர்த்த நீதிபதிக்கும் அதிகாரம் இல்லை. தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போட்டால் தாலுகா ஆபீஸ்கூட 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கோர்ட்டில் எல்லோரும் திட்டும் வாய்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வாய்தா போனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு. அதைக் குறித்துக்கொண்டு ஊருக்குப் போகும் கட்சிக்காரர் அதுவரை தன் காட்டு வேலையைப் பார்ப்பார். இப்படித் தேதியிலேயே வாழ்கிற தொழிலில் இருப்பவர்கள், வேலை கேட்டு வந்த பிள்ளைக்கு மட்டும் தேதி சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் தோட்டம் காலிங்கராயன் பாசனத்தில் இருக்கிறது. அப்பா மஞ்சள் போடுகிறவர். ஒன்பது பத்து மாதப் பயிர். வெட்டி, வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு, விரலி தனி கிழங்கு தனி என்று பிரித்து மூட்டை கட்டி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோனால், வியாபாரிகள் ஒவ்வொரு குவியலாக வந்து கையில் எடுத்துப் பார்ப்பார்கள். ஒரு விரலியை ஒடித்து உள்நிறம் பார்ப்பார்கள். விலையைச் சீட்டில் எழுதி மறைமுக ஏலத்துக்குப் போடுவார்கள். அன்றைக்கே விலை தெரிந்துவிடும். கட்டுப்படியாகாது என்று தோன்றினால் விற்க வேண்டியதில்லை, மூட்டையை அங்கேயே கிடங்கில் இருப்பு வைக்கலாம் அல்லது வண்டியில் திரும்ப ஏற்றலாம். விலை ஏறட்டும் என்று வருடக்கணக்கில் மஞ்சளை வைத்திருந்து பார்த்தவர் அப்பா. காத்திருப்பது அவருக்குப் புதிதில்லை. ஆனால் அவர் காத்திருந்தது அன்றைய விலையைத் தெரிந்துகொண்ட பிறகு, தானே முடிவெடுத்து. ஒடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகும் வியாபாரியை அவர் பார்த்ததில்லை. அதனால்தான் "சரி, சொல்லட்டும்" என்று அவரால் இவ்வளவு நம்பிக்கையாகச் சொல்ல முடிகிறது. ஒடித்துப் பார்த்தவர்கள் விலை சொல்லத்தானே வேண்டும் என்பது அவர் கணக்கு.

சென்னையில் வேறொரு நிறுவனத்தில் சில வருடங்களாக இருக்கும் அக்கா ஒருத்தரிடம் கேட்டேன், உள்ளே என்னதான் நடக்கும் என்று. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், என்னைப் போல் காத்திருப்பவர்களுக்கு உதவும். உன்னைப் பேசிப் பார்த்த பார்ட்னருக்கு நீ வேண்டும் என்று இருக்கலாம், ஆனால் கையெழுத்துப் போடுவது அவராக இருக்க மாட்டார். மற்ற பார்ட்னர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். மார்ச், ஏப்ரலில் கணக்கு முடித்து அடுத்த வருடத்துக்கு எத்தனை பேர் என்று முடிவாகும் வரை யாருக்கும் வாய் திறக்காது. பெரிய வழக்கு ஒன்று கைக்கு வருவதாக இருந்து, அதற்காக ஆள் எடுக்கக் கிளம்பியிருப்பார்கள். வழக்கு வேறு பக்கம் போய்விட்டால் ஆளும் வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் மேல், முதலில் ஒருவருக்கு ஆஃபர் கொடுத்திருப்பார்கள். அவர் பழைய இடத்தில் நோட்டீஸ் பீரியடில் இருப்பார், வருகிறேன் என்றும் சொல்லாமல் வரவில்லை என்றும் சொல்லாமல் இழுப்பார். அதுவரை இரண்டாவது ஆளுக்கு 'இல்லை' சொல்ல மாட்டார்கள். "பிடிக்காதவங்களுக்கு மெயில் சீக்கிரம் போயிரும். நீ ரொம்ப நாள் காத்திருக்கேன்னா, உன்னை வெச்சிருக்காங்கன்னு அர்த்தமா இருக்கலாம்" என்றார்.

இதைக் கேட்டு முதலில் சந்தோஷமாக இருந்தது. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது கோபம் வந்தது. இரண்டாவது இடத்தில் இருக்கிறேன் என்றால் அதைச் சொல்வதில் என்ன நஷ்டம்? "இன்னொருவரின் பதிலுக்காக நிற்கிறோம், மாதக் கடைசிக்குள் தெரியும்" என்று இரண்டு வரி எழுதினால் போதும். நான் அழப்போவதில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஹாஸ்டல் கட்டிலை விட்டுக்கொடுப்பேன், கட்டுகளை வாங்கிக்கொள்வேன். இரண்டாவது ஆளுக்கும் அந்த மாதம் முழு மாதம்தான். அதில் அவளுக்குத் தெரிந்து முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது.

இப்படிச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கோவையில் ஒருவர் சொன்னார். சென்னைக்குப் போவதற்கு முன்பு கோவையில் ஒரு சின்ன நிறுவனத்திலும் நேர்காணலுக்குப் போயிருந்தேன். மில், ஃபவுண்டரி, பம்ப் கம்பெனிகளுக்கு ஒப்பந்தமும் வழக்கும் பார்க்கிறவர்கள். பேசி முடித்ததும் பார்ட்னர் அம்மா டைரியைப் புரட்டி, "அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லிர்றேம்மா" என்றார். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு அவரே கூப்பிட்டார். "இந்தத் தடவை இல்லம்மா. ஒப்பந்தம் எழுதி ரெண்டு வருஷம் பழக்கம் இருக்கற பொண்ணு ஒருத்தி கெடைச்சுட்டா. உன் டிராஃப்டிங் நல்லா இருக்கு, ஆனா ஷரத்து ஷரத்தா பிரிச்சு எழுதப் பழகணும். வழக்குப் பக்கம் ஆள் எடுக்கற இடத்துல கேளு, உனக்கு அங்கதான் சரியா வரும்." அவ்வளவுதான் பேசினார். போனை வைத்துவிட்டு பன்னீர்செல்வம் பார்க் பக்கம் ஒரு டீ குடித்தேன். வருத்தமாக இருந்தது, ஆனால் அடுத்த நாள் காலையில் எழுந்தபோது தலை தெளிவாக இருந்தது. சென்னைக்கு மெயில் போட்டது அந்த வாரம்தான். அவர் சொன்ன 'இல்லை' எனக்கு ஒரு வழியைக் காட்டியது. அவரை எங்கே பார்த்தாலும் எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், அது இல்லாமல் இந்தக் காத்திருப்பு புரியாது. ஜூனியர்களுக்குக் கோவை, சென்னை, மதுரை போன்ற ஊர்களில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் உதவித்தொகை தர வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. என்னோடு படித்தவர்கள் பலருக்கு அது இன்னும் கைக்கு வரவில்லை. சீனியர்களில் பலரும் அவ்வளவு சம்பாதிப்பவர்கள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். என் சீனியர் கொடுப்பதில் குறை சொல்ல மாட்டேன், அவர் மகன் படிப்புக்கே கடன் வாங்கியிருக்கிறார். நிறுவனத்துக்குப் போனால் கணிசமாகக் கூடும். அதையும் சம்பளம் என்று சொல்ல முடியாது. முழுநேரச் சம்பள ஊழியராக இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி 49. அதனால் பெரும்பாலும் ரிடெய்னர் என்ற பெயரில் கட்டணமாகத்தான் தருவார்கள், பி.எஃப். இருக்காது, டி.டி.எஸ். பிடிப்பார்கள். எப்படியானாலும், அப்பாவின் சொட்டுநீர்க் குழாய்க்கு வாங்கிய கடனை அடைக்க அது போதும். நான் அந்த மெயிலை எதிர்பார்ப்பதில் பாதி இதற்காக.

என்னைப் போல் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நிறுவனத்தில் கிடைக்கட்டும், அப்புறம் என்ரோல் செய்யலாம் என்று தள்ளாதீர்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு என்ரோல்மென்ட் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவுக்கு 125 ரூபாய், அதற்கு மேல் கேட்க முடியாது. பணம் இனி தடையில்லை. சிவில் நீதிபதித் தேர்வுக்கு மூன்று வருடத் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் தீர்ப்பு வந்திருக்கிறது. அந்த மூன்று வருடம், என்ரோல்மென்ட்டின் முதல் படியான தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து எண்ணப்படும். நாளைக்கு மாஜிஸ்ட்ரேட் ஆக மனம் வந்தால், இன்று தள்ளிப்போட்ட மாதங்கள் அங்கே இடிக்கும். காத்திருக்கும் காலத்திலும் கோர்ட்டுக்குப் போங்கள், உங்கள் பெயர் கோர்ட் பதிவில் ஏறட்டும்.

வேறு இடத்தில் ஆஃபர் வந்தால் அதைச் சொல்லத் தயங்காதீர்கள். 1872ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவை நாம் எல்லோரும் பரீட்சைக்குப் படித்தோம். முன்மொழிவில் சொன்ன கெடு முடிந்தால் அது தானாக முடிந்துவிடும். கெடு சொல்லாவிட்டால் நியாயமான காலம் போனதும் முடிந்துவிடும். கையில் இருக்கும் ஆஃபர் அப்படிக் காலாவதியாகும் வரை சென்னையையே பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. "இங்கே இந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், உங்கள் முடிவு அதற்கு முன் தெரிந்தால் நல்லது" என்று மரியாதையாக எழுதலாம். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளும் இடத்தில் வேலை செய்வதும் கஷ்டம்தான்.

நேற்று சாயங்காலம் நானே அந்த மெயிலை எழுதினேன். கோபியில் ஒரு சீனியர் தன் ஆபீஸைப் பார்த்துக்கொள்ள வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். அவருக்கு வரும் 20ஆம் தேதி பதில் சொல்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறேன். அதையே சென்னைக்கும் எழுதினேன். உங்களிடம் சேர விருப்பம் குறையவில்லை, முடிவு இன்னும் ஆகவில்லை என்றால் எப்போது ஆகும் என்று மட்டும் சொன்னாலும் போதும், 20ஆம் தேதிக்குப் பிறகு வேறு இடத்துக்கு வாக்குக் கொடுத்துவிடுவேன் என்று நான்கு வரி. அனுப்பும் முன் அப்பாவிடம் தமிழில் படித்துக் காட்டினேன். "தேதி போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்றதும், "அப்ப சரி" என்று தண்ணீர் கட்டப் போய்விட்டார்.

என் சீனியர் இன்று காலை பெருந்துறை கேஸ் கட்டை என் மேஜையில் வைத்தார். மாமன் மச்சானுக்குள் வண்டிப்பாதைத் தகராறு, 21ஆம் தேதி சர்வேயர் சாட்சி சொல்ல வருகிறார். குறுக்கு விசாரணையை இந்த முறை நீயே செய் என்கிறார். சர்வேயரின் வரைபடத்தில் வேலி இருக்கும் இடமும் கிராம நிர்வாக அலுவலரின் பதிவில் இருக்கும் இடமும் ஒத்துப்போகவில்லை. கேள்விகளை எழுத ஆரம்பித்திருக்கிறேன்.